ஒரு காதில் மட்டும் பேசும் கருவி

மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். காரில் வழி சொல்கிற கருவி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுமா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காமல் இருக்குமா? மூன்று இடத்திலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இந்தக் கருவியை வாங்க வருகிறவர்கள் திரை எத்தனை இன்ச், தமிழ் பேசுமா, டவர் கிடைக்காத ஊரில் வேலை செய்யுமா என்றெல்லாம் கேட்பார்களாம். அது வாயை மூடிக்கொண்டிருக்குமா என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம். தென்னூரில் இருந்த மூன்றாவது கடைக்காரர் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் வலித்தது. வெயிலில் வண்டியை நிறுத்த இடம் தேடியே பாதி உயிர் போயிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் கணவர். உரக் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை. முப்பது வருஷம் இந்த ஜில்லா முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு அலைந்தவர். உப்பிலியபுரத்தில் எந்த உரக்கடை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது, வையம்பட்டிப் பக்கம் எந்த ஊருக்கு மழைக்காலத்தில் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு போகவில்லை, அந்த மட்டும் தப்பித்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் அவரால் காலைத் தூக்கி வைத்து ஏற முடியவில்லை. வாரம் மூன்று நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டிரைவர் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேர் வந்தார்கள். அவர் சொல்கிற வழியில் போகவில்லை என்று இரண்டு பேரோடும் சண்டை போட்டு அனுப்பிவிட்டார். கடைசியில் ஐம்பத்தேழு வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என் கூடப் படித்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். என் தலைவிதியை நொந்துகொண்டே கிளட்சை மிதித்தேன்.

லைசென்ஸ் வந்த பிறகும் பயம் போகவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறினால் பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வருவான். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். அப்போதெல்லாம் இவர்தான் பக்கத்தில் இருந்து வழி சொல்லிக்கொண்டே வருவார். ஒரு நிமிஷம் ஓய மாட்டார். மாம்பழச்சாலையில் மெதுவாகப் போ, பாலம் இறங்கியதும் மேற்கால ஒதுங்கு, சிந்தாமணியில் தெக்கால இருந்து வருகிறவனைப் பார், என்று ஒரே பாட்டு.

மேற்கால, தெக்கால என்பதுதான் அவர் பாஷை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். அந்த ஊரில் தெருவுக்கே திசைதான் பெயர். கீழச் சித்திரை வீதி, வடக்கு உத்திர வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகச் சுற்றி வளர்ந்த மனிதருக்கு இடதும் வலதும் எதற்கு? இலையில் உட்கார்ந்தால்கூட, அந்த அப்பளத்தைக் கொஞ்சம் கிழக்கால வை என்பார். சுவிட்ச் போர்டில் வடக்கே இருந்து இரண்டாவது சுவிட்ச் என்பார். நான் உறையூர்க்காரி. எனக்குச் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், இரண்டுதான் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் சூரியன் எங்கே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஓரளவுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் ஓடுகிற வண்டியில் மேற்கு எது என்று யோசிப்பதற்குள் திருப்பம் போய்விடும்.

அதைக்கூடச் சமாளித்திருப்பேன். வேறொன்று இருந்தது. அதை முதலில் சாப்பாட்டுத் தட்டில்தான் கண்டுபிடித்தேன். தினமும் தட்டில் பாதி மிச்சம் வைத்தார். பீன்ஸ் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கோஸ் வைத்தேன். கோஸும் மிச்சம். ஒரு நாள் எரிச்சலில் தட்டைச் சடக்கென்று திருப்பி வைத்தேன். இது எப்போ வைத்தாய் என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். கண்ணில் கோளாறு இல்லை, இடது பக்கம் இருப்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

காரிலும் அதேதான். பாலத்தில் தெற்கே போகும்போது மலைக்கோட்டை எங்களுக்கு இடது பக்கம். முன்பெல்லாம் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடுவார். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இப்போது போகும்போது கும்பிடுவதில்லை. திரும்பி வரும்போது கோட்டை வலது பக்கம் வந்துவிடுமே, அப்போது மட்டும் நல்ல கையைத் தூக்கிக் கும்பிட்டார். எனக்கு அதைப் பார்த்தபோதுதான் முழுசாக விளங்கியது. போகும்போது அவருக்குக் கிழக்கே இல்லை. வரும்போது மேற்கு இல்லை. வாழ்நாள் முழுக்கத் திசையை வைத்தே நடந்த மனிதருக்கு ஒரு திசை காணாமல் போகிறது, அதுவும் இடம் மாறி இடம் மாறிப் போகிறது, அது அவருக்கே தெரியவில்லை.

அப்படித்தான் நான் நினைத்தேன். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். முகத்தில் இடது கன்னத்தை நான்தான் மழித்துவிடுகிறேன். வழி சொல்கிற வேலை ஒன்றுதான் அவருக்கென்று மிச்சம். அதையும் பிடுங்கினால் அந்த மனிதர் எதற்காகக் காலையில் எழுந்திருப்பார்? அதனால் ஊருக்குள் ஓட்டும்போது இடது பக்கத் திருப்பங்களை நானே திரும்பிக்கொண்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான் திரும்பினேன் என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டுவார்.

ஊரைத் தாண்டினால்தான் வண்டவாளம் தெரிந்தது. வையம்பட்டிப் பக்கம் பழைய வியாபாரி ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். இடது பக்கம் பிரிய வேண்டிய ரோட்டை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. நேரே திண்டுக்கல் சாலையில் போய்க்கொண்டே இருந்தோம். லாரிகளுக்கு நடுவில் திரும்பி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரோட்டையே மாத்திட்டானுங்க என்றார். ஆமாமாம், மாற்றிவிட்டார்கள் என்றேன். வேறு என்ன சொல்ல?

பெங்களூரில் இருக்கிற மகளிடம் போனில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் நான்கு கருவியின் படம் அனுப்பினாள். இதில் திரை பெரிது, இதில் கேமரா உண்டு, இதைப் பற்றி எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கம் வேறு. அப்பா மனசு நோகாமல் வழி சொல்வது எது என்று அவள் அனுப்பிய எதிலும் எழுதியிருக்கவில்லை.

முதல் கடையில் டாஷ்போர்டில் பொருத்துகிற பெரிய திரையைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது இருவருக்கும் நடுவில் இருக்கும். அவருடைய வலது பக்கம். மனிதருக்கு அதுதான் நன்றாகத் தெரிகிற பக்கம். இரண்டாவது கடையில் கண்ணாடியில் ஒட்டுகிற சின்னக் கருவி. சத்தத்தை அடக்கினால் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். நான் ரோட்டைப் பார்ப்பேனா, அதைப் பார்ப்பேனா? மூன்றாவதாக வந்ததுதான் தென்னூர்க் கடை. சிரித்து முடித்த பிறகு அந்த மனிதர் நல்லபடியாகப் பேசினார். எதுவும் வாங்க வேண்டாம், உங்கள் போனிலேயே வரைபடம் இருக்கிறது, ஒரு காதில் மட்டும் மாட்டுகிற கம்பியில்லாத இயர்போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு கேட்டார்:

"சாருக்குக் கேட்டா என்னம்மா?"

"அது அவரு வேலைங்க. அதான்" என்றேன்.

அதற்கு மேல் அவர் எந்தக் குரல் வேண்டும் என்று மட்டும் கேட்டு, தமிழில் பேசுகிற மாதிரி போனில் மாற்றிக் கொடுத்தார்.

வண்டியில் நான் வலது பக்கம், அவர் இடது பக்கம். இயர்போனை வலது காதில் மாட்டி முடியை மேலே இழுத்துவிட்டால் அவர் பார்வையில் படாது. காதில் மாட்டிக்கொண்டு ஓட்டுவது தப்பு என்று தெரியும். போலீஸ்காரர் பிடித்தால் அவரிடம் அழுதுகொள்ளலாம் என்று துணிந்துவிட்டேன்.

மூன்று மாதம் இப்படி ஓட்டினேன். அதை யாரிடம் சொல்லி அழுவது? வலது காதில் ஒரு பெண், "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று நறுக்குத் தெறித்தாற்போல் பேசுவாள். இடது காதில் இவர், கொஞ்சம் தெக்கால போய் அப்புறம் கிழக்கால என்பார். அவள் சொல்வதைச் செய்ய வேண்டும், இவர் சொல்வதற்கு உம் கொட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பிழைத்தேன். ஒத்துப்போகாவிட்டால் அவள் வழியே போய்விட்டு, இவர் வழியே போன மாதிரி பேச வேண்டும். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினால் காது இரண்டும் கொய்யென்று இருக்கும். சமைக்கும்போதுகூட யாரோ திரும்பச் சொல்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அவர் தண்ணீர் கேட்டதற்குச் சள்ளென்று விழுந்தேன். பாவம், தண்ணீர்தான் கேட்டார். அவர் மேல் கோபம், அந்தப் பெண் குரல் மேல் கோபம், பெங்களூரில் நிம்மதியாக இருக்கிற மகள் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் அலுப்பு. தூங்கினால் தீராத அலுப்பு அது.

அப்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. உப்பிலியபுரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே உரக்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். போகாமல் எப்படி, அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்தானே என்றார். பத்தரை மணிக்கு முகூர்த்தம். அழைப்பிதழோடு மண்டபத்துக்கு வழி காட்டுகிற லொகேஷனையும் போனில் அனுப்பியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அவருக்கு வேட்டி கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

கொள்ளிடம் தாண்டி, துறையூர் தாண்டி, உப்பிலியபுரம் வரைக்கும் இரண்டு குரலும் ஒத்துப்போயின. எனக்கே ஆச்சரியம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரோடு இரண்டாகப் பிரிந்தது. வலது காதில் அவள் இடதுபுறம் திரும்பச் சொன்னாள்.

இவர், "நேரா வடக்கால போ" என்றார்.

இடது பக்கம் ஒரு ரோடு பிரிவதே இவருக்குத் தெரியவில்லை, எப்போதும் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு திருப்பினேன். அவர் இன்னொரு தரம் சொன்னார், நேரா வடக்கால என்று. ஆமாம், அப்படித்தான் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

தார் ரோடு மண் ரோடாகியது. மண் ரோடு வரப்பாகியது. இரண்டு பக்கமும் சின்ன வெங்காய வயல். அவள் சளைக்காமல், நேராகச் செல்லவும் நேராகச் செல்லவும் என்றாள். நேராகப் போனால் ஒரு கிணறும் மோட்டார் கொட்டகையும். "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று காதுக்குள் சொன்னாள். மணி பத்தே முக்கால்.

மோட்டார் கொட்டகையிலிருந்து ஒருவர் வந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். கல்யாணத்துக்காங்க என்று அவரே கேட்டார். காலையிலிருந்து இது நாலாவது வண்டியாம். யாரோ போனில் இடத்தைத் தப்பாகக் குறித்து அனுப்பிவிட்டார்களாம். திரும்பி மெயின் ரோட்டுக்கே போய் நேராக வடக்கால போங்க, ரெண்டு கிலோமீட்டர்தான் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார்.

நேராக வடக்கால. இவர் சொன்ன அதே வார்த்தை. நான் எஞ்சினை அணைத்தேன். கோபம் எனக்கு என் மேல்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அவர் மேல். மண் ரோடு வந்தபோதே தப்பு என்று தெரியுமில்லையா, ஏன் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள், என்னை இப்படி வரப்பில் கொண்டுவந்து நிறுத்துவதில் உங்களுக்கு என்ன சந்தோஷம் என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். நான் சொல்றது இந்தக் காதுல விழுது. நீ அந்தக் காதுல இருக்கிறத இல்ல கேக்குற."

என் கை தானாகப் போய் வலது காதை மூடியது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றார். நீ மாட்டுவதைப் பார்த்தேன், அது எனக்குத் தெரிகிற பக்கம்தானே என்றார். டாக்டர் இடது பக்கத்தைப் பற்றிச் சொன்னபோதும் நான் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன் என்றார். எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னார், காய்கறி விலை சொல்கிற மாதிரி.

மூன்று மாத நாடகம். யாருக்காக ஆடினேனோ அவர் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அப்புறம் எதற்கு இத்தனை நாளும் விடாமல் வழி சொல்லிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அழுகையும் ஆத்திரமுமாகத்தான் கேட்டேன். அவர் நல்ல கையால் சீட் பெல்டை நீவிக்கொண்டே சொன்னார்.

"நீ பயந்துகிட்டே ஓட்டுற. யாராச்சும் பேசிக்கிட்டே வந்தா உனக்குக் கை நடுங்காது. அதான் சொல்லிகிட்டே வந்தேன். தப்பாச் சொல்றது எனக்கும் தெரியும். நீ சரியாத்தான் திரும்புவன்னு விட்டுட்டேன்."

அவர் வேலை பறிபோகக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் வரக் கூடாது என்று அவர் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே வண்டியில் இரண்டு வண்டி ஓட்டியிருக்கிறோம்.

"உங்களுக்கு அலுக்கலையா?" என்றேன்.

"ரொம்ப அலுப்பா இருக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் சொன்னதில்லை. இத்தனை நாளும் என் அலுப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்குப் போனோம். தாலி கட்டி முடிந்திருந்தது. பந்தியில் அவர் இலையை நான் திருப்பிவைத்தேன், எல்லோர் முன்னாலும். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். போனை இருவருக்கும் நடுவில் வைத்துச் சத்தமாக வைத்தேன். இனிமேல் நீங்க வழி சொல்ல வேண்டாம், எனக்குப் பயமில்லை என்றேன். பாதி பொய். சரி என்றார். அவள் வலது என்றாள், இடது என்றாள், நேராக என்றாள். துறையூர் வருவதற்குள் பக்கத்தில் மூச்சு மாறிய சத்தம் கேட்டது. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் ஓட்ட ஆரம்பித்த இத்தனை மாதத்தில் அவர் வண்டியில் தூங்கியது அன்றைக்குத்தான். கை நடுங்கியது. அவரை எழுப்பவில்லை. கொள்ளிடம் பாலம் வரைக்கும் மெதுவாகவே ஓட்டினேன்.